ஒரே பேஸ், பல ஹேண்ட்பீஸ்: திருநெல்வேலி ஸ்கின் கிளினிக் ஒன்றின் லேசர் அனுபவம்

ஸ்கின் கிளினிக் தொடங்கும் இளம் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே பேஸ் யூனிட்டில் (மூல மெஷினில்) தேவைக்கேற்ப ஹேண்ட்பீஸ் (தோலில் வைத்து ஒளியைச் செலுத்தும் கைக்கருவி) சேர்த்துக்கொள்ளும் மாடுலர் லேசர் வாங்குவதா, இல்லை ஒவ்வொரு வேலைக்கும் தனி மெஷினா? பல ஆண்டுகளாக அப்படிப்பட்ட மாடுலர் மெஷின் ஒன்றைத் தினமும் இயக்கி வருகிறேன். என் பதில் இதுதான்: வாங்குங்கள், ஆனால் முடி அகற்றும் வேலை முழுவதையும் அதன் தலையில் கட்டாதீர்கள். அடுத்த ஹேண்ட்பீஸ் எது என்பதை விற்பனைப் பிரதிநிதி சொல்லக் கூடாது, உங்கள் ஓபி (புறநோயாளி) நோட்டுதான் சொல்ல வேண்டும்.

மெஷினின் பெயரை நான் எழுதவில்லை. லூமெனிஸ் எம்22, ஆல்மா ஹார்மனி, சைட்டன் ஜூல் என்று சந்தையில் இந்த வகை பல இருக்கின்றன. நான் சொல்லப்போவது இந்த அமைப்பைப் பற்றி. எந்தக் கம்பெனி மெஷினை வாங்கினாலும் இந்தக் கேள்விகள் வரும்.

ஒரே லேசரால் எல்லாம் முடியாதா என்று நோயாளிகள் கேட்பதுண்டு. முடியாது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பேரிஷும் 1983-ல் எழுதிய கோட்பாட்டில்தான் இந்தத் துறையே நிற்கிறது. எதை அழிக்க வேண்டுமோ அது உறிஞ்சும் அலைநீளம் வேண்டும். அந்த வெப்பம் பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன் பல்ஸ் (ஒருமுறை பாயும் ஒளித் துடிப்பு) முடிந்துவிட வேண்டும். முடியின் வேருக்கு மில்லி விநாடிக் கணக்கில் பல்ஸ் தேவை. பச்சை குத்திய மைக்கும் தோலின் ஆழத்திலுள்ள நிறமிக்கும் நானோ விநாடி போதும், அதற்கு மேல் போனால் தழும்பு. பருத் தழும்பில் குறி நிறமியே இல்லை, தோலில் உள்ள நீர். ஆக மூன்று வேலைக்கு மூன்று ஒளிமூலம். மாடுலர் மெஷின் பிறந்ததே இந்தக் காரணத்தால்தான்.

நான் தொடங்கும்போது பேஸ் யூனிட்டுடன் இரண்டு ஹேண்ட்பீஸ் எடுத்தேன்: லாங் பல்ஸ் (மில்லி விநாடி பல்ஸ்) என்டி யாக் லேசர் 1064, ஐபிஎல். எண்கள் நானோமீட்டரில் அலைநீளம். பிறகு நானோ விநாடி பல்ஸ் தரும் க்யூ ஸ்விட்ச்டு 1064/532. அதற்கும் பிறகு, தோலில் நுண் புள்ளிகளாக ஒளியைப் பாய்ச்சும், பருத் தழும்புக்கான ஃப்ராக்‌ஷனல்.

இவற்றில் என்டி யாக் 1064 நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கிறது. தோல் நிறத்தை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் இங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் 4, 5-ஆம் வகைத் தோல். மெலனின் (தோலின் நிறமி) அதிகமுள்ள மேல்தோல் குறைந்த அலைநீள ஒளியைத் தானே விழுங்கிச் சூடாகிவிடும். 1064-ஐ மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது, அதனால் ஒளி ஆழமாக இறங்குகிறது. மெல்லிய, நிறம் வெளிறிய முடிக்கு இது சுமார்தான். தாடைக்குக் கீழே தடித்த கறுப்பு முடி வளரும், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களுக்கு நான் நம்பிக்கையோடு எடுப்பது இதைத்தான்.

ஐபிஎல் கதை வேறு. அது லேசரே இல்லை. செனான் விளக்கின் அகன்ற ஒளியை ஃபில்டர் வைத்து நறுக்கித் தருகிறது. வெள்ளைத் தோல் மக்கள் மிகுந்த நாடுகளில் முகச் சிவப்புக்கும் வெயில் புள்ளிக்கும் இதுதான் முதன்மைக் கருவி. அதனால் பல மாடுலர் மெஷின்களில் ஐபிஎல்லே அடிப்படைப் பொருளாக வருகிறது. நம் தோலில் 515, 560 ஃபில்டரைத் தொட எனக்குத் துணிவு வராது. 640, 695 வைத்து, பல்ஸை நீட்டி, ஃப்ளூயன்ஸை (ஒரு சதுர செ.மீ. தோலில் விழும் ஆற்றலை) குறைத்து, காதோரம் டெஸ்ட் ஷாட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகிறேன். சூடு கொஞ்சம் கூடினாலும் ஹேண்ட்பீஸ் முனையின் செவ்வக வடிவம் அப்படியே கறுப்பாகப் பதியும்; அது மறைய மாதக் கணக்காகும். மங்கு உள்ள முகத்துக்கு ஐபிஎல் அடிப்பதே இல்லை. முதல் தொகுப்பில் ஐபிஎல்லைத் தள்ளிவிட்டு வேறு ஹேண்ட்பீஸ் கேட்க முடியுமானால் நம் பகுதி மருத்துவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். இந்தக் கருத்தில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

க்யூ ஸ்விட்ச்டு ஹேண்ட்பீஸுக்கு வருகிறேன். அதை வாங்கச் சொன்னது ஓபி நோட்டு. எங்களால் செய்ய முடியாமல் வேறு ஊருக்கு அனுப்பிய ஒவ்வொருவரின் பிரச்சினையையும் வரவேற்பு மேசையில் ஒரு வரியாகக் குறித்து வைத்தோம். அதில் திரும்பத் திரும்ப வந்தவர்கள் இரண்டு வகை. ஒன்று, ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஆள் எடுக்கும் நேரத்தில் டாட்டூவை அழிக்க வரும் இளைஞர்கள். ராணுவத் தேர்வில் டாட்டூவுக்குக் கட்டுப்பாடு உண்டு. திருவிழாக் கடையில் குத்திய கறுப்பு மை 1064-க்கு நன்றாகவே கரையும். பச்சை மைதான் அடம்பிடிக்கும். இரண்டாவது வகை, கண்ணையும் கன்னத்தையும் சுற்றி நீலம் பாய்ந்த நெவஸ் ஆஃப் ஓட்டா என்ற நிறமித் திட்டு உள்ளவர்கள், பெரும்பாலும் பெண்கள். சின்ன வயதிலிருந்து "கண்ணுல அடிபட்டுச்சா?" என்று கேட்கும் ஊருக்குப் பதில் சொல்லியே சலித்தவர்கள். எந்த க்ரீமும் அந்த நிறமியை எட்டாது. க்யூ ஸ்விட்ச்டு 1064-க்கு அது படிப்படியாக மங்குகிறது. வருமானக் கணக்கில் இந்த ஹேண்ட்பீஸ் முதலிடத்தில் இல்லை. ஆனால் கிளினிக்கின் மீது ஊர் வைத்திருக்கும் மதிப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாடுலரின் ஒரு பலவீனமும் இதே ஹேண்ட்பீஸில்தான் தெரிகிறது. சில மெஷின்களில் லேசர் மூலமே ஹேண்ட்பீஸுக்குள் இருக்கும்; பேஸ் வெறும் மின்சாரமும் குளிர்நீரும் தரும். வேறு சிலவற்றில் மூலம் பேஸுக்குள் இருந்து, ஃபைபர் அல்லது கண்ணாடிகள் பொருத்திய மடக்குக் கை வழியாக ஒளி வரும். முதல் வகையில் சேர்ப்பது எளிது, ஆனால் கைக்குள் அடங்கும் மூலத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. அதே ஆற்றலில் ஸ்பாட்டின் (தோலில் ஒளி விழும் வட்டத்தின்) விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஃப்ளூயன்ஸ் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஓட்டா போன்ற ஆழமான நிறமிக்குப் பெரிய ஸ்பாட் வேண்டும், ஏனென்றால் சிறிய ஸ்பாட் ஒளி சிதறிப் போய் ஆழத்தை எட்டாது. ஆகவே டெமோவில் "அதிகபட்ச ஃப்ளூயன்ஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ஸ்பாட்டில் எவ்வளவு என்று கேளுங்கள். என் ஹேண்ட்பீஸில் வேலை நடக்கிறது. மடக்குக் கை உள்ள தனி மெஷினில் முடிவதைவிட இரண்டொரு சிட்டிங் கூடுதலாகிறது என்பது என் கணிப்பு.

லேசர் டோனிங் என்று மங்குக்கு வாரா வாரம் அடிப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். க்யூ ஸ்விட்ச்டு ஹேண்ட்பீஸ் கையில் இருந்தால் அந்த ஆசை வரும், விற்பவரும் அதைத்தான் வருமான வழியாகக் காட்டுவார். நெருக்கி நெருக்கி அடித்தால் கறுப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் விழும் ஆபத்து உண்டு. மங்கு மறுபடி வரும் நோய். சன்ஸ்கிரீனும் க்ரீமும்தான் என் முதல் வழி.

ஃப்ராக்‌ஷனல் பற்றிச் சுருக்கமாக: 2004-ல் அறிமுகமான இந்த முறை பருத் தழும்புக்கு நல்ல பலன் தருகிறது. 5-ஆம் வகைத் தோலில் ஆற்றலைவிட அடர்த்தியைக் குறைப்பதுதான் கறுப்புப் படியாமல் காக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தனி மெஷினாக வைத்திருக்கிறேன். மரு, பாலுண்ணி எடுக்கும் சின்ன அறுவை வேலைகளுக்கும் அது தினமும் தேவைப்படுகிறது.

இப்போது முடி. மாடுலர் மெஷின் ஒரு நேரத்தில் ஒரு நோயாளிக்குத்தான் வேலை செய்யும். நான்கு ஹேண்ட்பீஸ் மாட்டியிருந்தாலும் பேஸ் ஒன்றுதானே! இரு கால்களுக்கும் முழுவதுமாக முடி அகற்ற மேசையில் ஒருவர் படுத்தால், நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து டாட்டூவுக்கு வந்தவர் வெளியே காத்திருக்க வேண்டும். அதுவும் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் கூட்டம் தாங்காது.

"டாக்டர், அடுத்த மாசம் கல்யாணம். அதுக்குள்ள மொத்தமா போயிடுமா?"

"போகாதும்மா. வளர்ற பருவத்துல இருக்கிற முடிதான் லேசர்ல போகும். நாலஞ்சு வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆறு எட்டு சிட்டிங் ஆகும். அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கும்."

இந்த உரையாடல் இல்லாத வாரம் கிடையாது. அமெரிக்க மருந்து, கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏகூட 'நிரந்தரக் குறைப்பு' என்றுதான் அனுமதி தருகிறது, முழு நீக்கம் என்று இல்லை. முடிக்கு வருகிறவர்கள் அதிகம், ஒவ்வொருவருக்கும் நேரமும் அதிகம். ஆகவே முடிக்கென்று தனியாக ஒரு டயோடு லேசர் மெஷின் வாங்கிப் பக்கத்து அறையில் வைத்த பிறகுதான் மாடுலர் மெஷின் மூச்சு விட்டது. டயோடில் ஷாட் ஆயுளும் அதிகம். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஐபிஎல் விளக்கு மாற்ற 1 லட்சம் ரூபாய், ஆயுள் 50,000 ஷாட் என்றால் ஷாட்டுக்கு 2 ரூபாய். டயோடு ஹேண்ட்பீஸ் 6 லட்சம், ஆயுள் 50 லட்சம் ஷாட் என்றால் ஷாட்டுக்கு 12 பைசா. உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனில் உள்ள எண்களை இதே வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். இஎம்ஐயை மட்டும் பார்த்துக் கட்டணம் வைத்தால் விளக்கு மாற்றும் மாதம் கையைக் கடிக்கும்.

பேஸ் ஒன்று என்பதால் அது நின்றால் எல்லாமே நிற்கும். ஒருமுறை குளிர்நீர் பம்பு பழுதானது. பொறியாளர் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் வரை, பிறகு உதிரி பாகம் வரும் வரை, டாட்டூ, ஓட்டா, தழும்பு அத்தனை அப்பாயின்ட்மென்ட்டையும் தள்ளிப்போட வேண்டியிருந்தது. எனவே ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போதாது. உதிரி பாகமும் சேர்ந்த சிஎம்சிதான் இந்த வகைக்குச் சரி. அதிலும் ஹேண்ட்பீஸ் அடங்குமா, எத்தனை நாளில் ஆள் வருவார், பழுது நீண்டால் மாற்று மெஷின் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சென்னை, கோவை மருத்துவர்களுக்கு இது சிறிய விஷயம். தென்மாவட்டக் கிளினிக்குக்கு இதுதான் முதல் விஷயம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஆன்லைன் யூபிஎஸ், சரியான எர்த்திங், குறித்த காலத்தில் டிஸ்டில்டு வாட்டர் மாற்றுவது, மெஷினை அணைத்த பிறகும் அறையைச் சற்று நேரம் குளிராக வைப்பது. குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றின் ஈரம் கூடி, ஹேண்ட்பீஸின் குளிர்ந்த சஃபயர் முனையில் நீர்த்துளி படியும். ஒவ்வொரு சில ஷாட்டுக்கும் துடைக்காவிட்டால் ஒளி சீராகப் போகாது. முகத்தில் பூசிய மஞ்சள், குங்குமம், கண் மை எல்லாவற்றையும் கழுவிய பிறகே தொடங்குவோம்.

பல ஹேண்ட்பீஸ் உள்ள அறையில் மட்டும் வரும் ஆபத்து ஒன்று: தவறான பாதுகாப்புக் கண்ணாடி. 1064-க்கான கண்ணாடி 532-க்குக் காக்கும் என்று சொல்ல முடியாது. ஐபிஎல் கண்ணாடி லேசருக்கு ஆகாது. கண்ணாடியின் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீளமும் ஓடி எண்ணும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு)தான் ஆதாரம். 1064 கண்ணுக்கே தெரியாத ஒளி, விழித்திரையைச் சுட்டுவிடும். ஒவ்வொரு ஹேண்ட்பீஸுக்கும் அதற்குரிய கண்ணாடிக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டி வைத்திருக்கிறோம். சிஸ்டர் நிறத்தைச் சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் பெடலில் கால் வைப்பேன். ஓட்டா நோயாளிக்கு இமைக்குள் வைக்கும் உலோகக் கவசம் வேறு.

தாள் வேலைகளில் இரண்டு மட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பேஸுக்கு மட்டுமல்ல, பின்னால் வாங்கும் ஒவ்வொரு ஹேண்ட்பீஸுக்கும் இறக்குமதி ஆவணத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அழகுச் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு, நோய்ச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு. ஒரே மெஷினில் இரண்டும் நடக்கும்போது வரிக் கணக்கை ஆடிட்டரோடு முதலிலேயே பேசிவிடுங்கள்.

விரிவாக்கம் என்று நாம் பணம் கொடுப்பது உண்மையில் ஒரு வாக்குறுதிக்கு. அந்த வாக்குறுதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்: அடுத்த சில ஆண்டுகளுக்கு ஹேண்ட்பீஸ் விலை இவ்வளவுதான், புது ஹேண்ட்பீஸை பேஸ் அடையாளம் காண வேண்டிய சாஃப்ட்வேர் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, புது மாடல் வந்தாலும் பழைய பேஸுக்கு விளக்கும் உதிரியும் இத்தனை ஆண்டு கிடைக்கும். ஹேண்ட்பீஸில் உள்ள சிப் ஷாட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும், எண்ணிக்கை முடிந்தால் கம்பெனியைத் தவிர வேறு வழியில்லை. ஃப்ராக்‌ஷனல் வாங்கும்போது முதல் கொட்டேஷனில் குறித்திருந்த விலைதான் எனக்குப் பேரம் பேசும் பலமாக இருந்தது.

இப்போது நானோவைவிடக் குறுகிய பல்ஸ் தரும் பிக்கோ விநாடி மெஷினுக்கு மாறச் சொல்லி, பழையதை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் விற்பனையாளர்கள். டாட்டூவுக்கு அதன் பலன் எனக்குத் தெரியும். வரவேற்பு மேசை நோட்டில் பல நிற டாட்டூக்காரர்கள் இன்னும் சிலர்தான். கறுப்பு மைக்கும் ஓட்டாவுக்கும் இருக்கிற ஹேண்ட்பீஸ் போதும். ஆகவே இந்த ஆண்டு அந்தப் பணம் புது விளக்குக்கும், தென்காசியிலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்பு அறையை விரிவுபடுத்துவதற்கும் போகிறது.