முப்பதுக்கு மேல் டேக்வாண்டோ: சுவோனில் சில வருட அனுபவம்

தென்கொரியாவின் சுவோன் நகரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "வயசு முப்பத்தஞ்சு ஆகுது, இனிமே டேக்வாண்டோ கத்துக்க முடியுமா?" முடியும். நானும் அந்த வயதில்தான் வெள்ளைப் பட்டை கட்டினேன். கருப்புப் பட்டை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன, இன்னும் வாரத்தில் மூன்று இரவுகள் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கலை இது. அதனால்தான் சேர நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடம். கொரியாவில் தோஜாங், அதாவது பயிற்சிக்கூடம், கிடைப்பது சிரமமே இல்லை. எந்தக் குடியிருப்புப் பகுதிக்குப் போனாலும் இரண்டு மூன்று இருக்கும். ஆனால் பெரும்பாலானவை குழந்தைகளுக்கானவை. மதியம் பள்ளி விட்டதும் தோஜாங்கின் மஞ்சள் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும். ஸ்கிப்பிங், விளையாட்டு, நடுவில் கொஞ்சம் உதை என்று வகுப்பு போகும். பெரியவர்களுக்கான வகுப்புக்கு 'சொங்இன்பு' என்று பெயர். அது இருந்தால் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத்தான் இருக்கும், பல இடங்களில் இருக்கவே இருக்காது. வீட்டுக்கு அருகில் என்பதற்காகக் குழந்தைகள் வகுப்பில் சேர்ந்த நண்பர்கள் இரண்டு பேர் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் இருபது நிமிடம் போக வேண்டியிருந்தாலும் சொங்இன்பு உள்ள இடத்துக்கே போங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். 'சார்யொத்' என்றால் நேராக நில், 'கியொங்ஞே' என்றால் வணங்கு, 'ஜுன்பி' என்றால் தயாராகு, 'சிஜாக்' என்றால் ஆரம்பி. ஹனா, துல், செத், நெத் என்று பத்து வரை எண்ணத் தெரிந்தால் வகுப்பு ஓடிவிடும். சொல்லிக்கொடுப்பவரை 'சாபொம்நிம்' என்றும், கூடத்தின் தலைமை ஆசிரியரை 'குவான்ஜாங்நிம்' என்றும் அழைக்க வேண்டும். வயதில் சின்னவராக இருந்தாலும் அப்படித்தான். என் சாபொம்நிம் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பக்கத்து ஊரான யொங்இன்னில் உள்ள பல்கலைக்கழகத்தில் டேக்வாண்டோவையே பட்டப்படிப்பாகப் படித்தவர். இந்தப் பகுதித் தோஜாங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அது நமக்குப் பெரிய வரம்.

இனி உதை. டேக்வாண்டோ என்றதும் தலைக்கு மேலே போகும் கால்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். புதிதாக வருபவர்களும் அந்த உயரத்தையே துரத்துகிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியது தரையில் இருக்கும் மற்றக் காலை. 'தொல்யோ ச்சாகி' என்கிற சுழற்றி அடிக்கும் உதையை எடுத்துக்கொள்வோம். முழங்காலை மடக்கி முன்னால் தூக்குகிறோம். அதே நேரத்தில் ஊன்றிய காலின் குதிகால் லேசாகத் தரையை விட்டு எழ வேண்டும். பாதம் முன்பகுதியின் மேல் சுழன்று, குதிகால் எதிராளி பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பினால்தான் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால்தான் மடக்கிய கால் கிடைமட்டமாக விரிந்து புறங்கால் இலக்கில் படும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, மேலுடம்பு மட்டும் சுழன்றால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும். முழங்கால் மடங்கி நீள்வதற்கான மூட்டு, முறுக்கைத் தாங்குவது அதன் வேலையில்லை. முப்பதுக்கு மேல் சேர்ந்து முழங்கால் வலி என்று நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் கதை இதுதான்.

என் சாபொம்நிம் முதல் சில மாதங்கள் இடுப்புக்கு மேல் உதைக்கவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்புவது, திருப்பிவிட்டு அப்படியே நிற்பது, காலை மடக்கி இழுத்துக்கொண்டு கீழே வைப்பது, இவ்வளவுதான். அலுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் 'மிட்' எனப்படும், கைப்பிடி வைத்த உதைத் திண்டைப் பிடித்தார். அதில் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கால் தள்ளிக்கொண்டு போனால் மந்தமான ஒரு சத்தம் வரும். சரியாகச் சுண்டி அடித்தால் இரண்டு மடலும் மோதி 'பட்' என்று வெடிக்கும். கூடம் முழுக்கக் கேட்ட அந்தச் சத்தத்துக்காகவே நான் இன்னும் போகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

பூம்சே என்பது தனியாக நின்று செய்யும் அசைவு வரிசை. வெள்ளைப் பட்டையிலிருந்து கருப்புப் பட்டை வரை 'தேகுக்' எனும் எட்டு வரிசைகளைக் கற்க வேண்டும். முதல் தேகுக்கில் உதை என்று பார்த்தால் நேராக முன்னால் உதைப்பது மட்டும்தான், அதுவும் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் நடை, தடுப்பு, குத்து. பெரியவர்கள் பலருக்கு இது பிடிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடிக்கும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்த மூளைக்கு, எந்தக் கால் எங்கே என்பதைத் தவிர வேறு நினைப்பு வராத பத்து நிமிடம் அது.

ஸ்பாரிங்கில், அதாவது எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சியில், உடம்புக் கவசம், தலைக்கவசம் எல்லாம் உண்டு. ஒலிம்பிக் விதிப்படி உடம்பில் உதைத்தால் 2 புள்ளி, தலையில் உதைத்தால் 3, முதுகைக் காட்டிச் சுழன்று உதைத்தால் இன்னும் கூடும். கவசத்தில் குத்தினால் 1 மட்டுமே, முகத்தில் குத்தவே கூடாது. காலுக்கு இவ்வளவு மதிப்பு என்பதால் கை கீழே இறங்கிவிடும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தற்காப்புக்காக மட்டும் சேருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பிடியிலிருந்து விடுபடுவது, மூட்டை மடக்குவது எல்லாம் வேண்டுமென்றால் ஹாப்கிடோ என்கிற இன்னொரு கொரியக் கலை பொருத்தம், அதற்கும் இங்கே கூடங்கள் இருக்கின்றன. அப்புறம் ஒன்று: ஸ்பாரிங்கில் அதிகம் அடிபடுவது புறங்கால். நாம் உதைக்கும்போது எதிராளி கையை இறக்கினால் நம் புறங்கால் அவர் முழங்கையில் போய் மோதும், வீக்கம் வடிய நாளாகும். கால் கவசம் போடாமல் இறங்க வேண்டாம்.

இது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான கலை என்று விளம்பரங்களில் பார்க்கலாம். நாம் கற்கும் வடிவம் அவ்வளவு பழையதல்ல, அதில் குறை ஒன்றுமில்லை. ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பிய லீ வொன் குக் 1944-இல் சியோலில் ச்சொங்தோக்வான் பள்ளியைத் தொடங்கினார். ஜப்பானிடமிருந்து கொரியா விடுதலை பெற்ற பின் இன்னும் பல பள்ளிகள் வந்தன. 1955-இல் ராணுவ ஜெனரல் ச்சோய் ஹொங் ஹி முன்வைத்த டேக்வாண்டோ என்ற பெயர் ஏற்கப்பட்டது. சியோலின் கங்நமில் இருக்கும், டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் 1972-இல் எழுந்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டானது. ச்சோய் 1966-இல் தொடங்கிய ஐடிஎஃப், அதாவது சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு, தனி வழியாகப் பிரிந்துபோனது. அதன் வரிசைகளும் ஸ்பாரிங் விதிகளும் வேறு. இந்தியாவில் இரண்டு வழிகளும் இருப்பதால், ஊரில் ஏற்கெனவே பட்டை வாங்கியவர்கள் தங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தென்கொரியாவில் பெரும்பாலும் குக்கிவொன் வழிதான்.

கருப்புப் பட்டை இங்கே வேகமாகவே கிடைக்கிறது. ஒழுங்காகப் போனால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் முதல் 'தான்' (கருப்புப் பட்டையின் படிநிலை) தேர்வுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் அதே நிலைக்குச் சிவப்பும் கருப்புமான 'பூம்' பட்டை. அடிப்படை பிடிபட்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவே. முதல் தானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது ஒரு வருடம், அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு உண்மையான முன்னேற்றம் முதல் தானுக்குப் பிறகுதான் தெரிந்தது. தேர்வுக் கட்டணம் தனி என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கட்டணம் என் தோஜாங்கில் ஒன்றரை லட்சம் வொன் அளவில் வருகிறது. கவசங்களை ஸ்பாரிங் தொடங்கிய பிறகு வாங்கினால் போதும். குளிர்காலத்தில் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த தொடையோடு உதைத்தால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அன்று கருப்புப் பட்டைக்காரர்களை விட்டுவிட்டு, வெள்ளைப் பட்டை கட்டிய யாராவது ஒருவரைக் கவனியுங்கள். அவர் உதைக்கும்போது சாபொம்நிம் குனிந்து அவருடைய ஊன்றிய பாதத்தைத் திருத்துகிறாரா? திருத்தினால் அங்கேயே சேர்ந்துவிடலாம்.