பக் நாய்க்கு இட்லித் தட்டு: இரண்டரை ஆண்டு அனுபவம்

எங்கள் அப்புவுக்கு நான்கு வயது. 2003-ல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடியதே, அதே பக் இனம். ஒரு கிண்ணம் உலர் தீனியை நாற்பது நொடியில் காலி செய்துவிட்டு மூச்சு வாங்க நிற்பான். சற்று நேரத்தில் பாதித் தீனி மெல்லாத உருண்டைகளாகத் தரைக்கு வந்துவிடும்.

வாந்தி என்றுதான் மருத்துவரிடம் தூக்கிப் போனேன். “வயிறு குமட்டிச் சுருங்குகிறதா, தலை குனிந்ததும் தானாக வழிகிறதா?” என்று கேட்டார். தானாகத்தான் வழிந்தது. அப்படியானால் இது வாந்தி அல்ல, எதுக்களிப்பு என்றார். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் மண்டையோடு குட்டையாகிவிட்டது, உள்ளே மெல்லண்ணம் (மேலண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதி) அந்த அளவுக்குக் குட்டையாகவில்லை. அது மூச்சுவழியில் தொங்குகிறது. அவசரத்தில் விழுங்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். அடிக்கடி இப்படி நடந்தால் கிண்ணத்தை மாற்றிப் பயனில்லை, பரிசோதனை வேண்டும் என்றும் எச்சரித்தார்.

முதலில் வாங்கியது, உள்ளே சுவர் சுவராக எழும்பிய பிளாஸ்டிக் கிண்ணம். பதினான்கு நிமிடம் ஆனது. இரண்டு நாள் பெருமைப்பட்டேன். மூன்றாம் நாள் அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மூக்குத் துளைகள் சுவரில் அழுந்த, முன்னைவிட உரக்கக் கொர்கொர் என்று இழுத்துக்கொண்டிருந்தான். மூக்கின் மேல் மடிப்பு சிவந்திருந்தது. நீளமூக்கு நாய்களுக்கு அது நல்ல பொருளாக இருக்கலாம். சப்பை மூக்குக்குத் தண்டனை.

சிலிகான் நக்குவிரிப்பு பரவாயில்லை. உப்பு, தாளிப்பு இல்லாத தயிர்ச்சோற்றைத் தடவித் தந்தால் நிதானமாக நக்குவான். தீர்ந்ததும் விரிப்பைக் கடிப்பான் என்பதால் கூடவே இருக்க வேண்டும். பணியாரக் கல்லின் குழி அவனுக்கு ஆழம்.

கடைசியில் கைகொடுத்தது எவர்சில்வர் இட்லித் தட்டு. குழி அகலம், ஆழம் குறைவு. கீழ்த்தாடை முன்னே நீட்டிய அந்த வாய்க்கு அளவெடுத்தது போல இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் பத்துப் பன்னிரண்டு உருண்டை. ஒரு குழி முடிந்து அடுத்ததற்கு நகரும்போது தலை நிமிர்கிறது, அந்த இடைவெளியில் ஒரு மூச்சு விடுகிறான். நான்கைந்து நிமிடமே ஆகிறது, ஆனால் கொர்கொர் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எதுக்களிப்பு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

குறைகளும் உண்டு. நடுத் துளையின் விளிம்பு கூராக இருந்தது. விரலை ஓட்டிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்தேன். வெந்நீரில் ஊறவைத்த தீனியின் ஈரம் சிறு துளைகள் வழியே கசியும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டதில் தட்டும் நகர்வதில்லை. தாடையிலும் மடிப்பிலும் ஒட்டுவதைத் துடைக்காவிட்டால் மறுநாளே நாற்றம் எடுக்கும்.

தட்டை மட்டும் நம்பவில்லை. ஒரு நாள் தீனியை மூன்று வேளையாகப் பிரித்தோம். நடந்துவிட்டு இரைக்க இரைக்க வந்தால், மூச்சு அடங்கிய பிறகே சோறு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓட்டமில்லை. நாக்கு நீலம் பாய்ந்தால் எதையும் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்களுக்கு இதுவரை நேரவில்லை.

முதல் தட்டு அம்மாவின் சமையலறையில் இருந்து கேட்காமல் எடுத்தது. விஷயம் தெரிந்த அன்றே அவருக்கு ஒரு புது அடுக்கு வாங்கித் தர வேண்டியதாயிற்று. இப்போது இட்லிக்குத் தட்டுகளை எடுக்கும் ஓசை கேட்டாலே அப்பு அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறான்.