நாய்க்குட்டிக்குப் புது உணவு: ட்ரை ஃபுட்டா, வெட் ஃபுட்டா, வீட்டுச் சமையலா, பச்சை இறைச்சியா?

புது உணவு போட்ட மூன்றாம் நாள் குட்டிக்கு வயிறு இளகினால், பழி பாக்கெட்டின் மேல்தான் விழும். "இது ஒத்துக்கல" என்று அடுத்த பாக்கெட்டுக்குத் தாவுவார்கள். அதிலும் அதேதான் நடக்கும். பெரும்பாலும் தப்பு உணவில் இருக்காது. போட்ட அளவில் இருக்கும், அல்லது மாற்றிய வேகத்தில் இருக்கும். அதனால் எது நல்ல உணவு என்பதோடு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கிண்ணத்தில் என்ன மாறுகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

எதை வாங்கினாலும் முதலில் தேட வேண்டியது, வளரும் குட்டிகளுக்கான அல்லது எல்லா வயதுக்குமான "முழுமையான உணவு" என்ற வாசகம். "துணை உணவு" என்று போட்டிருந்தால் அது மேலே தூவிக் கொடுக்க மட்டுமே. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கமான ஆஃப்கோவின் வரையறைப்படி, குட்டி உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் குறைந்தது 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்குப் புரதம் 18, கொழுப்பு 5.5 போதும். வளர்ந்த நாயின் உணவைக் குட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

"ஈரம் நீக்கிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். ட்ரை ஃபுட் பாக்கெட்டில் புரதம் 26, வெட் ஃபுட் டின்னில் 9 என்று இருக்கும். டின்னில் சத்தே இல்லை என்று தோன்றும். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம் என்றால் 26-ஐ 90-ஆல் வகுத்தால் சுமார் 29 சதவீதம். டின்னில் ஈரம் 78 என்றால் 9-ஐ 22-ஆல் வகுத்தால் சுமார் 41 சதவீதம். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

நான்கும் நேருக்கு நேர்

ட்ரை ஃபுட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 முதல் 420 கிலோ கலோரி இருக்கும். அளப்பது சுலபம், சீக்கிரம் கெடாது, பயிற்சியின்போது கையில் வைத்துக் கொடுக்கலாம். குறை என்னவென்றால், கொஞ்சம் கூடினாலும் கலோரி எகிறும். பால் பற்கள் விழும் சமயத்தில் ஈறு வலித்து முகத்தைத் திருப்பும் குட்டிகளுக்கு, வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கலாம். ஊறியதை நெடுநேரம் வெளியே வைக்கக் கூடாது.

வெட் ஃபுட்டில் 100 கிராமுக்குச் சுமார் 80 முதல் 120 கிலோ கலோரிதான். வாசனை தூக்கலாக இருப்பதால் சாப்பிட அடம்பிடிக்கும் குட்டியும் கிண்ணத்துக்கு வரும், தண்ணீரும் உள்ளே போகும். முழுக்க இதையே கொடுத்தால் செலவும் சேமிப்பும் சிரமம். திறந்த டின்னை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

வீட்டுச் சமையல்தான் அன்போடு செய்யப்படுவது, அதிகம் பிசகுவதும் அதில்தான். வேகவைத்த கோழியும் சோறும் வயிற்றுக்கு இதமானவை. ஆனால் வளரும் எலும்புக்கு அது போதாது. எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் 10 மடங்குக்கும் மேல் இருக்கும். குட்டிக்கோ கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது வேண்டும். அந்தக் குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். வாரக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு மெலிந்து, கால் வளைந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியலாம். கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்த குறிப்பு இருந்தால் மட்டும் இந்த வழி. அதிலும் ஒரு பொருள் கிடைக்கவில்லை என்று நீங்களாக வேறொன்றை மாற்றக் கூடாது.

பச்சை இறைச்சி குட்டிக்கு வேண்டாம். சால்மோனெல்லா, காம்பிலோபாக்டர், லிஸ்டீரியா போன்ற நோய்க் கிருமிகள் அதில் வரலாம். குட்டியின் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை. குட்டி நக்கும் குழந்தையின் கைக்கும் அந்தக் கிருமி பரவலாம்.

எங்கள் தேர்வு: பெரும்பாலான குட்டிகளுக்கு ட்ரை ஃபுட் அடிப்படை, தேவைப்பட்டால் அதே கலோரிக் கணக்குக்குள் கொஞ்சம் வெட் ஃபுட்.

வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டக்கூடிய பெரிய இனம் என்றால் இன்னொரு நிபந்தனை உண்டு. ஆஃப்கோ கணக்கில் அவற்றின் உணவில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற குட்டிகளுக்கு 2.5 வரை போகலாம். வயதில் சின்னக் குட்டியின் குடல் கூடுதல் கால்சியத்தைத் தடுக்காது, உள்ளே வருவதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். முழுமையான உணவோடு கால்சியம் டானிக் ஊற்றுவது நல்லதல்ல, கெடுதல்.

மாற்றும்போது தராசு வேண்டும்

5 கிலோ எடையுள்ள 5 மாதக் குட்டியை எடுத்துக்கொள்வோம். எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும்போது உடலுக்கு நாளுக்கு வேண்டியது கிடைக்கும்: சுமார் 234 கிலோ கலோரி. 4 மாதத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு அதை இரட்டிக்க வேண்டும்: ஏறத்தாழ 470. (4 மாதத்துக்குக் கீழே என்றால் மூன்று மடங்கு.) 100 கிராமுக்கு 100 கிலோ கலோரி உள்ள வெட் ஃபுட் என்றால் நாளுக்கு 470 கிராம், 370 உள்ள ட்ரை ஃபுட் என்றால் வெறும் 127 கிராம்.

இப்போது வெட் ஃபுட்டிலிருந்து ட்ரைக்கு மாறுகிறீர்கள். "முதலில் கால் பங்கு" என்று படித்துவிட்டு, 117 கிராம் வெட்டை எடுத்துவிட்டு அதே 117 கிராம் ட்ரையைப் போட்டால், அதிலேயே 433 கிலோ கலோரி. மீதி வெட் ஃபுட்டோடு சேர்த்தால் 786. முதல் நாளே கிட்டத்தட்ட 1.7 மடங்கு தீனி! செரிக்காமல் பெருங்குடலுக்குப் போவது அங்கே நொதித்து, நீரை இழுத்து, கழிச்சலாக வெளியேறும். போட்டிருக்க வேண்டியது 32 கிராம்தான். பங்கு என்பது கலோரியின் பங்கு, கிண்ணத்தின் பங்கு அல்ல. ட்ரையிலிருந்து வேறு ட்ரைக்குப் போனாலும் இதே கணக்குதான்: 370-க்குப் பதில் 420 உள்ள பாக்கெட் என்றால் 127 கிராம் 112 ஆகக் குறைய வேண்டும். அதே கப்பில் அள்ளிப் போட்டால் தெரியாமலே கூடிவிடும்.

வேகம்: 10 நாள். முதல் 3 நாள் கால் பங்கு புதிது, அடுத்த 3 நாள் பாதி, அடுத்த 3 நாள் முக்கால், பத்தாம் நாள் முழுதும். ஒரே நாளில் மாற்றுவது, பழைய உணவு கெட்டுவிட்டாலோ மருத்துவர் சொன்னாலோ மட்டும்.

அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்பதை நாள்காட்டியைவிட மலம்தான் சரியாகச் சொல்லும். எடுக்கும்போது உருவம் குலையாமல், தரையில் ஒட்டாமல் வந்தால் மேலே போகலாம். உருவம் இருந்தும் தரையில் ஈரத்தடம் விட்டால் அதே கட்டத்தில் இன்னும் 2 நாள் இருங்கள். கூழாக இருந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். தண்ணீராகப் போனாலோ, ரத்தம் கலந்தாலோ, வாந்தியோடு சோர்ந்து படுத்தாலோ, உணவு மாற்றம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்; தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், தடுப்பூசி அல்லது பூச்சி மருந்து கொடுத்த ஓரிரு நாளில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். புது பிஸ்கட்டும் அந்தப் பத்து நாளில் வேண்டாம். வயிறு கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பழையதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புதியதை ஒதுக்கும் குட்டிக்கு, இரண்டையும் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கிளறினால் வாசனை ஒன்றாகிவிடும். 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிட்டு அடுத்த வேளை வையுங்கள். மிகச் சிறிய இனக் குட்டியைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைக்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கித் தள்ளாடும், வலிப்புகூட வரும்.

பத்தாம் நாளோடு பழைய பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாளுக்கான அளவை மூடிய டப்பாவில் இன்னும் ஒரு வாரம் வைத்திருங்கள். பின்வாங்க வேண்டி வந்தால் அதுதான் கை கொடுக்கும்.