கொல்லிமலை மண்பாதைப் பயணம்: போகலாமா?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட்டாலே சாகசம் முடிந்தது என்று நினைக்கும் பைக் குழுக்கள்தான் அதிகம். நான் போன இந்த மண்பாதைப் பயணத்தை நடத்துபவர்கள் அப்படியல்ல. செம்மேட்டைத் தாண்டியதும் வண்டிகளை நிறுத்தி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கச் சொன்னார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சரளைப் பாதையில் அதன் பலன் உடனே தெரிந்தது. பின்சக்கரம் துள்ளாமல் கவ்விப் பிடித்தது. எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பொறுமைசாலி, குரல்தான் கொஞ்சம் பெரிது.

சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட மனமில்லை. மிளகு விளையும் மலையில், நாமக்கல்லிலிருந்து கட்டி வந்த ஆறிய எலுமிச்சைச் சோறு!

பயணக் கட்டணத்தில் பெட்ரோல் சேராது, சேந்தமங்கலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முழங்கால் காப்பு சொந்தமாக இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் தருவது ஒரே அளவு. எனக்குக் கணுக்கால்வரை இறங்கிவிட்டது.