நிரம்பி வழியும் /பூட்: நீக்குவதா, இளைக்க வைப்பதா, விரிப்பதா?

லினக்ஸ் கெர்னலைப் புதுப்பித்த கையோடு இடமில்லை என்று கணினி முறையிட்டால், பெரும்பாலும் நிரம்பியிருப்பது முழு டிஸ்க் அல்ல, கணினி துவங்கத் தேவையான கெர்னல் கோப்புகள் இருக்கும் /பூட் என்ற சின்னஞ்சிறு பார்ட்டிஷன்தான். டிஎஃப் கட்டளை ஒரே வரியில் அதைக் காட்டிவிடும். இயங்குதளத்தின் மற்ற கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தால் கதை வேறு. பெருத்துப்போன பதிவுக் கோப்புகளோ, ஐநோடுகளை (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடங்களை) தின்று தீர்க்கும் பழைய கெர்னல் ஹெடர்களோ காரணமாக இருக்கலாம். இந்த அலசல் /பூட் பற்றியது மட்டுமே.

வழிகள் மூன்று. பழைய கெர்னல்களை நீக்கலாம். துவங்கும் வேளையில் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கத் தேவையான டிரைவர்களை அடக்கி, கெர்னலுக்கு ஒன்றாக உருவாகும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைச் சிறிதாக்கலாம். பார்ட்டிஷனையே பெரிதாக்கலாம். மூன்றையும் வெவ்வேறு கணினிகளில் செய்து பார்த்திருக்கிறேன். டெபியன், உபுண்டு வகைகளில் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதல் வழி எல்லோரும் அறிந்தது. ஆப்ட் ஆட்டோரிமூவ் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையும் ஆகப் புதியதையும் அதற்கு முந்தையதையும் விட்டுவிட்டு மற்றவற்றைத் துடைத்துவிடும். அவசர வேளையில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஆனால் பாதியில் நின்றுபோன நிறுவல் இருந்தால் ஆட்டோரிமூவே முரண்டு பிடிக்கும். அப்போது யுனேம் -ஆர் கொடுத்து, ஓடுகிற கெர்னல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யாதவர்களுக்கு அது பழைய கெர்னலாகத்தான் இருக்கும். பிறகு, அதுவல்லாத மிகப் பழைய பதிப்பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மட்டும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -டி கட்டளையால் நீக்கி, தொகுப்புகளை நிறுவும் நிரலான டிபிகேஜியின் அரைகுறை வேலையை முடிக்கச் சொல்லி, கடைசியாகப் பழைய கெர்னலைத் தொகுப்பாகவே அகற்ற வேண்டும். /பூட்டுக்குள் போய்க் கையால் கோப்புகளை அழித்துவிட்டு அதோடு நிறுத்திவிடக் கூடாது. தொகுப்பு இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி நம்பிக்கொண்டிருக்கும். எல்லாப் பதிப்புகளுக்கும் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கச் சொல்லும் கட்டளை ஒன்று ஓடினால், அழித்தது மறுபடி முளைத்துவிடும்.

இவ்வளவும் செய்தால் இன்றைய நெருக்கடி தீரும். என் கேள்வி அடுத்த மாதத்தைப் பற்றியது: நாம் கவனிக்காதபோது தானாக ஓடும் புதுப்பிப்பு, இந்தப் பார்ட்டிஷனில் உச்சக்கட்டமாக எவ்வளவு இடம் கேட்கும்? தேர்வைத் தீர்மானிப்பது இதுதான். டிஎஃப் இப்போது காட்டும் விழுக்காட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். /பூட் 488 மெகாபைட். கெர்னல் கோப்பு ஒவ்வொன்றும் 15, இனிட்ராம்எஃப்எஸ் 120 என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) சேர்ந்தால் இந்த அளவு சாதாரணம். மூன்று கெர்னல்கள் இருந்தால் 405 மெகாபைட். பார்ட்டிஷன் ஏறத்தாழ 83 விழுக்காடு நிரம்பியிருக்கும். பதற்றப்பட ஏதுமில்லை என்று தோன்றும். கெர்னலோடு தொடர்பே இல்லாத ஒரு ஃபர்ம்வேர் தொகுப்பு பிறகு புதுப்பிக்கப்படுகிறது. அது ஆகப் புதிய கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கச் சொல்கிறது. பழைய கோப்பு இருக்கும்போதே, '.நியூ' என்ற பின்னொட்டோடு இன்னொரு 120 மெகாபைட் அருகிலேயே எழுதப்படும். எழுதி முடித்த பிறகுதான் பெயர் மாற்றம். 405-உம் 120-உம் சேர்ந்தால் 525. இடமில்லை. ஆட்டோரிமூவை ஒழுங்காக ஓட்டி வருபவரும் இங்கே மாட்டிக்கொள்வார், ஏனென்றால் மூன்று கெர்னல்கள் வரை விட்டுவைப்பது அதன் இயல்பான நடத்தை.

இதே கணக்கை இளைத்த இனிட்ராம்எஃப்எஸ்ஸோடு போடுங்கள். இயல்பு அமைப்பில் மாட்யூல்ஸ் என்ற மதிப்பு 'மோஸ்ட்' என்று இருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் வகையில் டிரைவர்களை அள்ளிப் போட்டுக்கொள்ளும். அதை 'டெப்' என்று மாற்றினால், இந்தக் கணினிக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். என் மடிக்கணினியில் கோப்பு ஏறத்தாழ 40 மெகாபைட்டுக்கு இறங்கியது. மூன்று கெர்னல்களின் கோப்புகளும் இப்படி இளைத்த பிறகு 165, உச்சத்தில் 205. பாதிக்கு மேல் காலி. இருக்கிற சிறிய இடத்திலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிடலாம் என்பது இன்னொரு வசதி, ஏனென்றால் புதிதாக எழுதப்படும் கோப்பே சிறியது.

அமைப்பு இருப்பது இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில். அங்கே கான்ஃப்.டி என்ற உட்கோப்புறையையும் பாருங்கள். டெபியன் நிறுவி அதில் 'டிரைவர்-பாலிசி' என்று ஒரு கோப்பை வைத்திருக்கக்கூடும். பிரதான அமைப்பை அது மீறிவிடும். மாற்றியும் அளவு குறையவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

விலை இல்லாமல் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் துவங்காமல் போகலாம். தாய்ப்பலகையை மாற்றினாலும் அப்படித்தான். இதற்கு ஒரு தற்காப்பு உண்டு: பதிப்பு எதையும் குறிப்பிடாவிட்டால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு புதிய கெர்னலின் கோப்பை மட்டுமே மாற்றும். பழைய கெர்னலின் பருத்த கோப்பு அப்படியே இருக்கும். சிக்கல் வந்தால் அதைக்கொண்டு ஏறிவிடலாம். முழு டிஸ்க்கும் குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளில் என் அனுபவம் மடிக்கணினியோடு நின்றுவிடுகிறது. வெளி விசைப்பலகை வைத்திருப்பவர்கள், கடவுச்சொல் கேட்கும் திரையில் அது இயங்குகிறதா என்பதைப் பழைய கெர்னல் கைவசம் உள்ளபோதே சோதித்துக்கொள்வது நல்லது.

பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது கேட்க எளிது. ஆனால் /பூட் வழக்கமாக டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், ரூட் அதை ஒட்டி உட்கார்ந்திருக்கும். ரூட்டின் கோப்பு முறைமை எக்ஸ்ட்4 என்றால், லைவ் யுஎஸ்பியில் ஏறி, அதைச் சுருக்கி, முழுத் தரவையும் பின்னுக்கு நகர்த்த வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கதை கந்தல். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கும் பேச்சே வேண்டாம். குறியாக்கம் இல்லாத கணினியில் தனி /பூட்டையே கைவிட்டு, கோப்புகளை ரூட்டுக்குள் வைத்துவிடலாம். எக்ஸ்ட்4, எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் அடுக்கு) இரண்டையும் கிரப் என்ற துவக்க நிரல் படிக்கும். ஒரு பழைய கணினியில் அப்படிச் செய்து நன்றாகவே ஓடுகிறது, என்றாலும் தொலைவில் இருக்கும் சர்வரில் முயல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஃபெடோராவில் என் வாதம் செல்லாது. அங்கே இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் ஏற்கெனவே அந்தந்தக் கணினிக்கு அளவெடுத்துத்தான் தைக்கிறது. தொகுப்புகளை நிர்வகிக்கும் டிஎன்எஃப்பின் அமைப்பில், எத்தனை கெர்னல்களை வைத்திருப்பது என்று சொல்லும் இன்ஸ்டால்ஒன்லி_லிமிட் இயல்பாக 3. அதை 2 ஆக்குவதே சுலபம். அதன் பிறகும் போதவில்லை என்றால் 'ரெஸ்க்யூ' என்று பெயர் தாங்கிய இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அளவைப் பாருங்கள். எல்லா வன்பொருளுக்கும் பொதுவாக உருவாக்கப்படுவதால் பட்டியலிலேயே பருத்தது அதுவாகத்தான் இருக்கும்.