மெஸ்ஸா, கஃபேயா, புரோட்டா கடையா? கும்பகோணத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

எங்கள் வீட்டில் மாதம் இரண்டு சனிக்கிழமை ராத்திரி அடுப்புக்கு லீவு. மனைவி போட்ட சட்டம், நான் ஒருநாளும் எதிர்த்ததில்லை. தகராறு வருவது எங்கே போவது என்பதில்தான். மனைவி, காலேஜ் படிக்கும் மகள், முட்டி வலியோடு மாமியார், நான் என்று நாலு பேர் இருந்தால் நாலு பேச்சு இருக்கும். சுற்றிச் சுற்றி வந்து நிற்பது மூன்று இடங்களில்: மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பழைய சைவ மெஸ், தாராசுரம் போகும் வழியில் புதிதாக வந்திருக்கும் ஏசி கஃபே, பாலக்கரைப் பக்கம் ஒரு புரோட்டா கடை. நிச்சயதார்த்தம், பிறந்தநாள் என்று போகிற பெரிய ஹோட்டல்கள் இந்தக் கணக்கில் இல்லை. கட்டிய கைலியை மட்டும் மாற்றிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு வருகிற கடைகளைப் பற்றித்தான் பேச்சு.

இந்த மாதிரிக் கடைக்குப் பெருநகரங்களில் ‘பிஸ்ட்ரோ’ என்று போர்டு வைக்கிறார்கள். பிரெஞ்சுச் சொல். டெல்டாவில் அதற்கு உரிமை கொண்டாடுவதென்றால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால்தான் கொண்டாட வேண்டும். நம்மூருக்கு ‘மெஸ்’ என்கிற இங்கிலீஷே போதும் என்று விட்டாயிற்று.

மெஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன், என் ஓட்டு அதற்கு என்பதால். எட்டு மேஜை, கல் பதித்தவை. நாலு பேர் சேர்ந்து போனால் சேர்ந்து உட்கார முடியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு பேர் இங்கே, இரண்டு பேர் அங்கே, நடுவில் திருநள்ளாறு போய்விட்டு வந்த வெளியூர்க் குடும்பம். சனிக்கிழமை என்றால் நவக்கிரக டூர் வேன்கள் வந்து நிற்கும். அதிலும் புரட்டாசி சனியில் உப்பிலியப்பன் கோயில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், அன்று அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. முகூர்த்த நாள் வேறு மாதிரிப் பிரச்சினை. பரிமாறுகிற ஆட்களில் பாதிப் பேர் கல்யாணப் பந்திக்குப் போய்விடுவார்கள், கல்லாவில் இருப்பவரே சட்னி வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு அங்கே போவதற்குக் காரணம் கடப்பா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வேகவைத்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், அதில் தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்த ஒன்று. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. இட்லி மேல் ஊற்றினால் இட்லி மறைய வேண்டும், அதுதான் அளவு. ஆறினால் பருப்பு இறுகி ருசி போய்விடும். பார்சல் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அடுத்தது காபி. சென்னைக்குப் போகிற நெடுஞ்சாலை முழுக்கக் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு. கும்பகோணத்துக்குள் அவ்வளவு போர்டு கிடையாது. பாலின் தரத்தை லாக்டோமீட்டர் விட்டுப் பார்த்ததால் வந்த பேர் என்பார்கள், வேறு கதைகளும் சொல்வார்கள். பேர் எப்படி வந்திருந்தால் என்ன, முதல் டிகாக்ஷன், தண்ணீர் கலக்காத பால், பித்தளை டவரா என்று மூன்றும் சரியாக அமைந்தால் வேறெதுவும் வேண்டாம். கஃபேயில் மெஷின் போட்டுத் தரும் கப்புச்சினோ மோசம் என்று சொல்லமாட்டேன். சிக்கரி இல்லாத, நுரை அதிகமான வேறொரு பானம் அது. அதைக் காபியோடு ஒப்பிடுவதுதான் தப்பு. விலையையும் ஒப்பிடக்கூடாது: இங்கே இருபத்தைந்து ரூபாய், அங்கே நூற்று இருபது.

மெஸ்ஸின் உண்மையான குறை கூட்டமோ விசிறிக்காற்றோ இல்லை. கடைசி வாய் தோசை உள்ளே போகும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுவிடுகிறார். அவர் மூச்சு நம் பிடரியில் படும். இருபது நிமிஷத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. மகள் செமஸ்டர் கதையை ஆரம்பிப்பாள், ரவா தோசை முடியும்போது கதை பாதியில் நிற்கும், மீதி ஸ்கூட்டரில்.

அங்கேதான் கஃபே ஜெயிக்கிறது. முதலில் எனக்கு அதன் மேல் மரியாதை இல்லை. மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைப் போனில் பிடித்தால்தான் மெனுவே தெரியும். மாமியார் மெனு கார்டு கேட்டபோது பரிமாற வந்த பையன் தன் போனையே நீட்டினான். வெள்ளை சாஸ் பாஸ்தா வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வந்தபோது அது தனி, ஃபிரைஸ் தனி, என் சாண்ட்விச் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒருவர் சாப்பிட மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபிரைஸ் பாக்கெட்டில் உறைந்து வந்தது என்பது எல்லாத் துண்டும் ஒரே நீளமாக இருப்பதிலேயே தெரிகிறது. காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அத்தனை வாழைக்காயையும் விட்டுவிட்டு இதைப் பொரிக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமை. வாழைக்காயைக் கொஞ்சம் சன்னமாகச் சீவிப் பொரித்து, மேலே பெரி பெரி மசாலாவைத் தூவிவிட்டு என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கலாம், நான் முதல் ஆளாக வாங்குவேன்.

ஆனால் அன்று நாங்கள் ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பில்லைக் கொண்டுவந்து வைக்கவில்லை. செமஸ்டர் கதை முடிந்து, அதற்குள் இருந்த இன்னொரு கதையும் வெளியே வந்தது. வீட்டில் டிவி ஓடும்போது வராத கதை அது. பில் 1,240 ரூபாய், ஜிஎஸ்டி 62. மெஸ்ஸில் இதே நாலு பேருக்கு ஐந்நூறைத் தொடாது. கூடுதலாகக் கொடுத்த எண்ணூற்றுச் சொச்சம் பாஸ்தாவுக்கு இல்லை, நாற்காலிக்கு வாடகை என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் கொள்ளை இல்லை.

பில் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். உணவகங்களில் முன்பு ஏசிக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 சதவீதம் என்று வரி இருந்தது. 2017 நவம்பரிலிருந்து இந்த மாதிரிக் கடைகளுக்கெல்லாம், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். ‘ஏசி என்பதால் வரி கூட’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மெஸ் பில்லில் வரியே இல்லையே என்று சந்தேகப்படவும் வேண்டாம். ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ள கடைகள் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து வரியைத் தாங்களே கட்டலாம், நம்மிடம் வாங்கக் கூடாது. அப்படிப்பட்ட கடை பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அதைக் கேட்கலாம். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். உட்கார்த்திப் பரிமாறும் இடத்தில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மெஸ்ஸில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் சும்மா வருகிறது, அந்த வழக்கே அங்கே எழாது.

புரோட்டா கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். கல்லுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் மாஸ்டர் மாவை வீசுவது, அடுக்கித் தட்டுவது, கொத்துகிற சத்தம் எல்லாம் இலவசம். இலையில் விழும்போது புரோட்டா விரலைச் சுடும். அந்தச் சூடுதான் அங்கே விற்பனை. சால்னா இரண்டாம் தடவை கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். ஆளுக்கு இரண்டு புரோட்டா, பொதுவில் ஒரு கொத்து, கலக்கி என்று வயிறு நிறைய நானூறு ரூபாய். புரட்டாசியில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடக்கும், பெருமாளுக்கு விரதம் இருக்கிறவர்கள் அத்தனை பேர். கை கழுவத் தெருவோரம் ஒரு டிரம். கழிவறை கிடையாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ருசி, விலை என்று நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கஃபேக்குப் போகலாம் என்பாள், மாமியார் மெஸ் என்பார் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். போன மாதம் உட்காரவைத்து ஓட்டெடுத்தால், மகள் புரோட்டா கடை என்றாள். பாஸ்தா ஹாஸ்டலிலேயே கிடைக்கிறதாம். மனைவி கடப்பா இருந்தால் மெஸ், இல்லையென்றால் எங்கேயும் சரி என்றாள்.

மாமியார்தான் கஃபே என்றார். மெஸ்ஸுக்கு நாலு படி ஏற வேண்டும், கைப்பிடி இல்லை. பெஞ்சில் முதுகு சாய்க்க முடியாது. கஃபேயில் வண்டி வாசல் வரை போகிறது, சாய்மானம் உள்ள நாற்காலி, சுத்தமான பாத்ரூம். எழுபது வயதுக்கு மேல் இதையெல்லாம் பார்த்துத்தான் வெளியே கிளம்ப முடியும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

சரி என்று இந்தச் சனிக்கிழமை கஃபேக்கு முடிவாகியிருக்கிறது. கிளம்பும் முன்பே ஒரு நிபந்தனையும் வந்துவிட்டது. “காபி மட்டும் அங்க சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து நானே போட்டுத் தர்றேன்.”