‘டி டிரைவைத் தொடவே மாட்டோம்’ என்றவர்கள் துடைத்துக் கொடுத்த கதை

தக்கலையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணக் கார்டு, அம்மன் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், இவ்வளவுதான் தொழில். இதில் புதிதாகச் செய்வது குறைவு. போன வருஷ ஃபைலைத் திறந்து தேதியையும் கிழமையையும் மாற்றுவது, இறந்துபோனவர் பெயரை எடுத்துவிட்டு உபயதாரர் வரிசையில் அதே இடத்தில் அவர் மகன் பெயரை வைப்பது, இதுதான் பாதி வேலை. (இடம் மாறினால் சண்டை வரும். வந்திருக்கிறது.) ஆக, ஒன்பது வருஷ ஃபைல்கள்தான் எனக்கு முதல்.

அந்த முதலை நாகர்கோவிலில் ஒரு கடையில் துடைத்துவிட்டார்கள். கை தவறுவது யாருக்கும் நடக்கும், அதோடு விட்டிருப்பேன். அதை மறைத்து, டிஸ்க்கே கெட்டுப்போச்சு என்று சொல்லி, மீட்டுக் கொடுக்க 9,500 ரூபாய் கேட்டார்கள் பாருங்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் 2019இல் வாங்கியது. 1 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் சி, டி, ஈ என்று மூன்று டிரைவ். விண்டோஸ் 10. அதற்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. போதாக்குறைக்கு ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) ஒன்று போட்டு அதில் விண்டோஸ் 11 ஏற்றுங்கள், பழைய டிஸ்க்கை டேட்டாவுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். நல்ல யோசனைதான். இப்போதும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

“டேட்டா எல்லாம் டியிலும் ஈயிலும் இருக்கு, டெஸ்க்டாப்பிலும் கொஞ்சம் கெடக்கு” என்றேன்.

“பேடிக்காதீங்க அண்ணாச்சி, டி டிரைவைத் தொடவே மாட்டோம்.”

பேக்கப் எடுத்தாயா என்று கேட்காதீர்கள். 2022இல் ஒரு தடவை எடுத்தேன்.

இங்கே நம்மில் பலருக்கு இருக்கும் ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். ‘சி போனாலும் டி இருக்கும்’ என்று நினைத்துக்கொள்கிறோம். சியை மட்டும் ஃபார்மட் செய்தால் அது சரிதான். ஆனால் சி, டி, ஈ மூன்றும் தனித்தனிப் பெட்டி கிடையாது. ஒரே விளையை (தென்னந்தோப்பை) வேலி போட்டு மூன்று பங்காகப் பிரித்த மாதிரி. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வைத்த ஒரு சின்ன அட்டவணை டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். பார்ட்டிஷன் டேபிள் என்பது அதுதான். அது போனால் மூன்று பங்கும் ஒன்றாகப் போகும்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. “அண்ணாச்சி, பழைய டிஸ்க்கில் பேட் செக்டர். மாட்டினதுமே பார்ட்டிஷன் கரப்ட் ஆகிப்போச்சு. ஃபார்மட் செஞ்சாத்தான் காட்டுது. டேட்டா வேணும்னா திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும், 9,500 ஆகும். இல்லேன்னா பழசை இங்கயே விட்டுட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்கோங்க.” கூடவே ஆறுதலாக, “வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாம் ஃப்ரீயா அந்தப் பழைய டிஸ்க்கில் ஏத்திக் குடுத்திருக்கோம்” என்றார். அந்த ஃப்ரீயைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அதோடு, அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்யாமல் வைத்திருந்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை, வெறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான், சென்னையில் இந்த மாதிரி வேலைதான் பார்க்கிறான். முதலில் ஓர் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) பென்டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பினான். விண்டோஸில் போனால் அது தன்பாட்டில் டிஸ்க்கில் எதையாவது எழுதும், அதனால் வேண்டாம் என்றான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தான். ரீஅலொகேட்டட் செக்டர் பூஜ்யம், பெண்டிங் செக்டர் பூஜ்யம். அதாவது பேட் செக்டர் என்ற கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை.

“மாமா, இது நல்லா இருக்கு. உங்க கம்ப்யூட்டர்லயே நல்ல பொருள் இதுதான்.”

உள்ளே 931 ஜிபிக்கு ஒரே பார்ட்டிஷன், ‘நியூ வால்யூம்’ என்ற பெயரில். அதில் மறைந்திருக்கும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டர் உருவான நேரத்தைக் காட்டினான். கடையில் கொடுத்த அதே நாள், மதியம் 3 மணி 12 நிமிஷம். அதாவது வேலியைப் பிடுங்கிவிட்டு, முழு விளையையும் ஒரே பங்காகப் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள்.

எப்படி நடந்தது என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. அந்தக் கடையில் வேலை பார்க்கும் பையனே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான், பாவம். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் பட்டியல் வரும். அதில் சி, டி என்று எழுத்து இருக்காது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்ணும் அளவும்தான். பையன் அந்தப் பட்டியலைக்கூடப் பார்க்கவில்லை. தினமும் வரும் லேப்டாப்களில் செய்கிற பழக்கத்தில் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்திக் கட்டளை தட்டும் கறுப்புத் திரையை வரவழைத்து, டிஸ்க்பார்ட், செலக்ட் டிஸ்க் 0, கிளீன் என்று தட்டியிருக்கிறான். லேப்டாப்பில் ஒரே டிஸ்க், அது எப்போதும் 0. என் கம்ப்யூட்டரில் 0 என்பது பழைய டிஸ்க், புது எஸ்எஸ்டி 1. கிளீன் என்று கொடுத்தால் ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு கேள்விகூட வராது. ஒரு நொடி, முடிந்தது.

அப்போது சொல்லியிருந்தால் முழுவதையும் மீட்டிருக்கலாம். கிளீன் அட்டவணையைத்தான் துடைக்கும், விளையில் தென்னைகள் அப்படியே நிற்கும். ஆனால் முதலாளி என்ன செய்தார்? முழு டிஸ்க்கையும் குவிக் ஃபார்மட் அடித்து, அதன் மேல் தன் கடையின் சாஃப்ட்வேர், டிரைவர் எல்லாம் 40 ஜிபிக்குக் காப்பி செய்து வைத்தார். அதுதான் அந்த ஃப்ரீ. தென்னையை வெட்டி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் காசு வேண்டாம் என்கிற கணக்கு.

மருமகன் முதலில் டிஸ்க்கை முழுசாக இன்னொரு டிஸ்க்கில் படி எடுத்தான். நாலு மணி நேரம் ஆனது. பிறகு அந்தப் படியில் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டினான். பழைய வேலி எங்கே இருந்தது என்று அது தேடிப் பிடிக்கும். கறுப்புத் திரையில் இரண்டு பார்ட்டிஷன் வந்து நின்றது. ஒன்றின் மேல் வைத்து ‘பி’ அழுத்தினான். ‘கொடை 2017’, ‘கொடை 2018’ என்று ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக இறங்கின. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

டியும் ஈயும் பெயரோடு வந்துவிட்டன. அவை டிஸ்க்கின் உள்பக்கம் தள்ளி இருந்ததால் 40 ஜிபி அங்கே எட்டவில்லை. சி இருந்தது தொடக்கத்தில். டெஸ்க்டாப்பில் கிடந்த இந்த வருஷ வேலைகளில் பாதி போய்விட்டது. மீதியை ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள் எடுத்துக் கொடுத்தது, ஆனால் அது பெயரைக் காப்பாற்றாது. எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு எண்ணுமாக ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மாப்பிள்ளை பெயரைப் பார்த்துத்தான் எந்தக் கல்யாணம் என்று கண்டுபிடிக்கிறேன். இதே கூத்து எஸ்எஸ்டியில் நடந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது. ஃபார்மட் செய்ததுமே இந்த இடமெல்லாம் காலி என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது உள்ளே அழித்துவிடும்.

கடைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே நில்லுங்கள். கழற்றிய டிஸ்க்கை யாராலும் தப்பாகத் துடைக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் சில நேரம் கம்ப்யூட்டரைக் கிளப்பும் தன் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்துவிடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கை எடுத்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது. ஒரே டிஸ்க்தான் என்றால் டிரைவுக்கு ரீநேம் செய்து ஒரு பெயர் வையுங்கள். அந்தப் பெயர் இன்ஸ்டால் பட்டியலில் பார்ட்டிஷன் எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும். புது லேப்டாப் என்றால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். அது இல்லாமல் அட்டவணை போனால் மருமகன் என்ன, யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க் போச்சு என்று சொன்னால் டிஸ்க்கைத் திரும்ப வாங்குங்கள். அதில் எதையும் காப்பி செய்ய விடாதீர்கள்.

நான் ஸ்மார்ட் கணக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “எங்க மெஷின்ல வேற மாதிரி காட்டிச்சு அண்ணாச்சி” என்றார். சர்வீஸ் காசு 800ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தார், அதுவும் கூட்டம் பார்க்கிறதே என்று. நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசினேன். பில்லைக் கேட்டார்கள். பில்லில் ‘சர்வீஸ்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். டேட்டாவைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதற்கு எங்கும் எழுத்தே இல்லை. கொடுக்கும்போதே ஜாப் ஷீட்டில் ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

திரும்பக் கிடைக்காததில் ஒரு கொடை நோட்டீஸும் உண்டு. விழாக் கமிட்டிக்காரர்கள் போன வருஷ நோட்டீஸைக் கோயில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்தார்கள், நடுவே மடிப்பில் கிழிந்தது. அதைப் பார்த்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்தேன். மடிப்பில் இருந்த ஒரு பெயர் விட்டுப்போயிற்று. எட்டாம் நாள் உபயம். நேற்றுக் காலையில் கடை திறக்கும் முன்பே அவர் வந்து வாசலில் நின்றார்.